சூடம் அணையும் வரை நின்ற வண்டி

நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். ஊருக்கு ஒரு கடிதம் எழுதவே இரண்டு மூன்று நாள் தள்ளிப்போடுகிறவள். நாலு பேர் கூடினால் ஓரமாக நின்றே பழகிவிட்டவள், இப்படிப் பக்கம் பக்கமாக எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். சமையல் முடிந்து, பாத்திரம் கழுவி வைத்துவிட்டு, கண்ணை இழுத்துக்கொண்டு போகிற நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதியது. கோர்வையாக இருக்காது.

என் வயதுக்காரர்களுக்கு ராயபுரம் ஸ்டேஷனின் பெரிய தூண்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தூண் ஒன்றில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் அந்தக் கோடை முழுவதும் நான் விடிகாலையில் தூங்கினேன். அம்மா டிக்கெட் வாங்கி வரும்வரை அங்கேதான் நிற்க வைப்பாள். கல் சில்லென்று இருக்கும். கரிப்புகை, மீன், யாரோ சுற்றி வைத்திருக்கும் பீடி எல்லாம் கலந்த வாசனை. டிராம் நின்றுபோனதற்கு அடுத்த கோடை அது. தெருவில் தண்டவாளம் இருந்தது, டிராம் இல்லை. பிள்ளைகள் அந்தத் தண்டவாளத்தின் மேல் ஒற்றைக் காலில் நடந்து விளையாடினோம்.

நைனாவுக்கு (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) துறைமுகத்தில் மூட்டை சரிந்து கால் உடைந்திருந்தது. கட்டுப்போட்டு வீட்டில் கிடந்தார். பனை விசிறியால் ஈ ஓட்டுவதும், வெளியே போகிறவர்களின் காலடிச் சத்தத்தை வைத்து அது யார் என்று சொல்வதும்தான் அவருக்கு வேலை. அதனால் அம்மா திருவொற்றியூரில் ஒரு தகர டப்பாக் கம்பெனியில் சேர்ந்தாள். டப்பாவுக்கு மூடி அடுக்குகிற வேலை. விரல் முழுக்கக் கீறல். பழைய வேட்டியைக் கிழித்து விரலுக்கு விரல் சுற்றிக்கொண்டு வருவாள். அந்தத் துணியில் வார்னிஷ் வாசனை அடிக்கும். அந்தக் கையால் பிசைந்த சோற்றிலும் அடிக்கும்.

எனக்குப் பள்ளிக்கூட லீவு. படுத்திருக்கும் நைனாவிடம் என்னை விட்டுப்போக அம்மாவுக்கு மனமில்லை. "அந்த மனுசன் தண்ணி கேட்டா நீ குடுப்ப. நீ தெருவுல ஓடுனா அந்த மனுசன் பிடிப்பாரா?" என்று சொல்லி என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

பெண்கள் பெட்டி இன்ஜினுக்கு அடுத்தது. மரப்பலகை இருக்கை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் கண்ணில் கரித்தூள் விழும். அம்மா தன் முந்தானை நுனியை நாக்கில் தொட்டு அதை எடுத்துவிடுவாள். கம்பெனிக்குப் போகிற பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் அந்தப் பெட்டியில் ஒன்றாகப் போவார்கள். அதில் இரண்டு பேரைத்தான் இங்கே சொல்ல வேண்டும். ஒருத்தி நெட்டை அக்கா. பெட்டியின் கதவில் தலை இடிக்காமல் ஏறத் தெரியாதவள், ஏறும்போதெல்லாம் ஒரு வசவு விடுவாள். இன்னொருத்தி பெரியம்மா. எனக்கு உறவில்லை, எல்லோருக்கும் பெரியம்மா. பருத்த உடம்பு, முழங்கால் வலி.

இதில் இருந்த சங்கடத்தைச் சொல்கிறேன். கம்பெனி, திருவொற்றியூர் ஸ்டேஷனைத் தாண்டி எண்ணூர்ப் பக்கம் இருந்தது. அதன் பின்சுவர் ரயில் பாதையை ஒட்டியே போகும். அந்த இடத்தில் ஒரு லெவல் கிராசிங் கேட்டு. அங்கே வண்டி வேகம் குறையும், ஆனால் நிற்காது. ஆண்கள் ஸ்டேஷனில் இறங்கமாட்டார்கள். கேட்டு வந்ததும் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கி, குதித்து, வண்டி போகிற பக்கமாகவே நாலடி ஓடி நின்றுவிடுவார்கள். டிபன் தூக்கு கூடச் சிந்தாது. பெண்கள் எப்படிக் குதிப்பது? ஒருத்தி குதித்துப் பார்த்து முழங்கையை உடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு யாரும் முயலவில்லை.

பெண்கள் ஸ்டேஷனிலேயே இறங்கி வெளியே வந்தால் ஜட்கா வரிசை நிற்கும். புல்லும் குதிரைச் சாணமும் கலந்த வாசனை. முதல் வண்டிக்காரர் நைனாவோடு முன்பு துறைமுகத்தில் வேலை செய்தவர். என்னைப் பார்த்தால், "இன்னா கண்ணு, நைனா கால் ஆடுதா?" என்பார். நல்ல மனிதர். ஆனால் வண்டி நிரம்பாமல் கிளப்பமாட்டார். ஏழெட்டுப் பேரை உள்ளே திணித்து, குழந்தை என்று என்னை ஏர்க்கால் பக்கம் உட்காரவைத்து, அப்புறமும் ஸ்டேஷன் வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

"ஜல்தி போண்ணே, சங்கு ஊதிருவான்."

"இரும்மா, குருத தண்ணி குடிச்சிகினு கீது."

"குருத எப்பவோ குடிச்சிட்ச்சு. நீதான் குடிக்கல போல" என்பாள் நெட்டை அக்கா.

சங்கு ஊதி முடித்தால் கம்பெனிக் கதவைச் சாத்திவிடுவார்கள். புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கு இரண்டு தடவைதான் மன்னிப்பு. மூன்றாவது தடவை சாத்திய கதவுக்கு வெளியே நின்றால் நம்பர் போட்ட பித்தளை வில்லையை வாங்கிக்கொண்டு பெயரை அடித்துவிடுவார்கள். அம்மா சேர்ந்த மாதத்திலேயே ஜட்காவை நம்பி இரண்டு தடவை வெளியே நின்றுவிட்டாள். "இன்னொரு தபா லேட்டானா பேர் போச்சு" என்று தூக்கத்திலும் சொல்வாள். அதிலிருந்து ஜட்காவும் வேண்டாம் என்று என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள். போய்ச் சேரும்போது அவளுக்கு மூச்சு வாங்கும் சத்தம் எனக்கு நெஞ்சில் கேட்கும்.

என்னை விட்டுவிட்டுப் போகும் இடம், கேட்டுக்குப் பக்கத்தில் இட்லி சுட்டு விற்ற ஒரு அக்காவின் குடிசை. குதித்து இறங்குகிற ஆண்கள்தான் அவளுக்கு வாடிக்கை. குடிசைக்கு எதிரே, தண்டவாளத்தின் ஓரத்தில், வேப்பமரத்தடியில் மஞ்சள் பூசிய ஒரு கல். அதுதான் அந்தப் பகுதிக்கு அம்மன். நாள் முழுக்க நான் அந்த மரத்தடியில் உட்கார்ந்து போகிற வண்டிகளைப் பார்ப்பேன். சரக்கு வண்டியில் நிலக்கரி வரும், உப்பு வரும். ஒருமுறை கூண்டோடு சர்க்கஸ் குதிரைகள் போயின.

சித்திரையில் அந்தக் குடிசைகளில் அம்மை போட்டது. ஒரு காலையில் கரகம் எடுத்து அம்மன் கல்லுக்கு வந்தார்கள். பம்பைச் சத்தத்தில் வண்டி வருவது யாருக்கும் கேட்கவில்லை. கூட்டம் தண்டவாளத்தின் மேலேயே நின்றுவிட்டது. அன்றைக்கு என்னவோ நாங்கள் ஸ்டேஷனில் இறங்கவில்லை. பெரியம்மா தூங்கிப்போய், அவளை எழுப்புவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது, அவளோடு நாங்களும் மாட்டிக்கொண்டோம். அம்மா முகம் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தாள். அடுத்த ஸ்டேஷனுக்குப் போய்த் திரும்பி வந்தால் மூன்றாவது தடவை.

வண்டி விசில் அடித்துக்கொண்டே வந்து கேட்டருகே நின்றேவிட்டது. கல்லுக்கு முன்னால் இட்லிக்கார அக்கா சூடம் ஏற்றிக்கொண்டிருந்தாள். டிரைவர் இன்ஜினிலிருந்து எட்டிப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். சூடம் எரிந்து அணையும் வரை வண்டியை எடுக்கவில்லை. அதற்குள் நாங்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்து, பெரியம்மாவை மூட்டை மாதிரி வாங்கி இறக்கி, கம்பெனிக்குள் போயாகிவிட்டது. சங்கு அப்புறம்தான் ஊதியது.

அன்று சாயங்காலம் திரும்பும் வண்டியில், தண்டையார்பேட்டை தாண்டியதும் அம்மா நெட்டை அக்காவிடம் சொன்னாள்: "சூடம் எரியறப்ப அந்த ஆள் வண்டிய எடுக்கல, பாத்தியா?"

"ஆமா. இன்னா அதுக்கு?"

"தெனம் எரிஞ்சா?"

நெட்டை அக்கா அவளையே பார்த்தாள். பிறகு பெட்டி முழுக்கச் சிரிப்பு. பெரியம்மா மட்டும், "தாயிகிட்ட வெளையாடாதீங்கடி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, "கட்டி கொஞ்சம் பெர்சா வைக்கச் சொல்லுங்க, எனக்கு எறங்க நேரமாவும்" என்றாள்.

இப்படித்தான் அது ஆரம்பித்தது. முதலில் செவ்வாய், வெள்ளி. அப்புறம் அம்மனுக்குக் காப்புக் கட்டியிருக்கிறது என்று சொல்லித் தினமும். இட்லிக்கார அக்கா தட்டோடு நிற்பாள். கடல் காற்று அணைத்துவிடாமல் முந்தானையை விரித்து மறைத்துக்கொள்வாள். வண்டி நிற்கும். பெண்கள் இறங்குவார்கள். அவர்கள் இறங்கி முடிக்கும் வரை டிரைவரைப் பேச்சில் வைத்திருக்க ஒருத்தி வேண்டும். தட்டை வாங்கிக்கொண்டு போய் இன்ஜினுக்குக் கீழே நின்று நீட்ட வேண்டும். யாரும் முன்வராததால் யோசனை சொன்ன அம்மாவின் தலையிலேயே அது விழுந்தது. கடைக்காரனிடம்கூட நிமிர்ந்து பார்த்துப் பேசாத அம்மா.

டிரைவர் ராயபுரத்துக் கிறிஸ்தவர். நரைத்த மீசை, கரி படிந்த முகம், கண்ணைச் சுற்றி மட்டும் வெள்ளை. சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார், உடனே நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொள்வார். இரண்டையும் ஒரே கையால் செய்வார்.

"இன்னாம்மா, உங்க ஊர்ல வாரம் பூரா வெள்ளிக்கெழமையா?"

"கோடகாலம்ணே. தாயி எறங்கிகினு கீறா."

"தாயி எங்க எறங்குறா? நீங்கதான் எறங்குறீங்க. நான் பாத்துகினுதான கீறேன்."

அம்மா தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாள். அந்தச் சிரிப்பை நான் வீட்டில் பார்த்ததில்லை. அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பின்னால் இருக்கும் கார்டுக்கு இட்லிப் பொட்டலம் போய்விடும், அவருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே எல்லோரும் அம்மனைக் கும்பிட்டார்கள். நான் மட்டும்தான் அம்மாவுக்குப் பக்தி வந்துவிட்டது என்று நம்பினேன். ராத்திரி அவள் படுக்கும்போது கும்பிடுகிறாளா என்று பார்ப்பேன். காலை நீட்டியதும் தூங்கிவிடுவாள்.

ஒரு மாதத்துக்கு மேல் அம்மா ஒரு நாளும் தாமதமாகப் போகவில்லை. மேஸ்திரி அவளிடம், மழைக்காலம் வரைக்கும் இப்படி வந்தால் நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்கள் என்று சொன்னாராம். அதை நைனாவிடம் சொல்லும்போது அம்மா மீனுக்குச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள். நைனா "ம்" என்றார். கால் கட்டுக்குள் அரிப்பு என்று விசிறிக் காம்பை உள்ளே விட்டுச் சொறிந்தார். அந்த "ம்"மை நான் இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். அவர் சந்தோஷப்படவில்லை என்று அன்றைக்கு நினைத்தேன். பயந்திருந்தார் என்று இப்போது தோன்றுகிறது. கால் சரியாகி எழுந்து நிற்கும்போது வீட்டில் தனக்கு என்ன வேலை இருக்கும் என்ற பயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜட்காக்காரர் நைனாவைப் பார்க்க வந்தார். ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி வந்திருந்தார். காலைப் பார்த்தார், துறைமுகத்து ஆட்களைப் பற்றிப் பேசினார், குதிரைக்கு லாடம் தேய்ந்ததைச் சொன்னார். நான் வாசலில் பழம் தின்றுகொண்டிருந்தேன். அம்மா குழாயடிக்குப் போயிருந்தாள்.

"இப்பல்லாம் பொம்பளைங்க யாரும் ஜட்கா ஏறதில்ல மாமு. காலைல காலி வண்டி. குருத என்ன பாக்குது, நான் குருதய பாக்குறேன்."

"ஏன்?"

"ரயிலுதான் கேட்டாண்ட நிக்குதே. உன் சம்சாரம் டிரைவருக்கு சூடம் காட்டுது, அந்தாளு நிக்கிறாரு. தெனம் சிரிச்சிப் பேசிட்டுதான் அனுப்புறாரு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "தப்பா ஒண்ணுமில்ல மாமு. ஊரு பேசுது, அதான் சொல்றேன். டேசன்ல எறங்கச் சொல்லு. நான் முன்சீட்டு தரேன், நேரத்துக்கு உட்டுர்றேன்."

அவருக்கு வேண்டியதெல்லாம் பழைய சவாரிதான். அதைக் கேட்க ஒரு வழி தேடி, இந்த வழியில் வந்துவிட்டார். வேறு கெட்ட எண்ணம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. போகும்போது என் தலையைத் தடவிவிட்டுத்தான் போனார்.

அம்மா குடத்தை இறக்கி வைத்ததும் நைனா கேட்டார். சத்தமாகக் கேட்கவில்லை.

"எந்த டிரைவரு?"

அம்மா புரிந்துகொள்ளச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். கரகம், பெரியம்மா, சூடம், எல்லாம். சொல்லச் சொல்ல அது இன்னும் மோசமாகக் கேட்டது. ஒரு பெண், தினமும், ஒரு ஆம்பளையை வண்டியோடு நிறுத்தி வைக்கிறாள்.

"நாளைலேந்து நீ அங்க எறங்க வாணாம். மத்தவ எறங்கட்டும். நீ டேசன்ல எறங்கி ஜட்கால போ. அவன் சீட்டு தரேன்னான்."

"அவன் சொன்னானா?"

"எவன் சொன்னா இன்னா?"

"இன்னொரு தபா லேட்டானா பேர் அடிச்சிருவான். தெரியும்ல?"

"அதான் ஜட்கா கீதே."

 அம்மா குடத்தை மறுபடி எடுத்து மூலையில் வைத்தாள். அது ஏற்கெனவே மூலையில்தான் இருந்தது.

மறுநாள் காலை பெண்கள் பெட்டியில் அம்மா யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. திருவொற்றியூர் வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். நெட்டை அக்கா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "இன்னாடி, இங்க எறங்கற? ஏறு, ஏறு" என்று கையை ஆட்டினாள். அம்மா, "நீ தட்ட வாங்கிக்க" என்று மட்டும் சொன்னாள்.

வெளியே ஜட்காக்காரர் எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். முன்சீட்டைத் துண்டால் தட்டிவிட்டார். வேறு யாருமே இல்லை.

"ஏறும்மா. ஒராளானாலும் இப்பவே கெளப்புறேன். காசு கூட வாணாம்."

உண்மையாகத்தான் சொன்னார். குதிரையைத் திருப்பி நிறுத்திவிட்டார். அந்த வண்டியில் ஏறியிருந்தால் சங்குக்கு முன்னால் போயிருக்கலாம். எனக்கு ஏற ஆசையாக இருந்தது. நான் அம்மாவின் கையை அந்தப் பக்கம் இழுத்தேன்.

அம்மா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். அவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு குதிரையின் பிடரியைத் தடவினார்.

"நட" என்றாள் என்னிடம்.

ஸ்டேஷன் ஓரமாகத் தண்டவாளத்தை ஒட்டிய பாதையில் நடந்தோம். கொஞ்ச தூரம் போனதும் நாங்கள் வந்த வண்டி எங்களைத் தாண்டிப் போனது. ஜன்னல்களில் எல்லோருடைய முகமும் தெரிந்தது. பெரியம்மா ஏதோ சொன்னாள், புகையில் கேட்கவில்லை. அம்மா என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தாள். அந்த ஒரு மாதத்தில் நான் கனத்திருந்தேன் போல. இரண்டு இடத்தில் இறக்கிவிட்டுத் தூக்கினாள்.

தூரத்தில் கேட்டருகே வண்டி நின்றது. நெட்டை அக்கா தட்டோடு இன்ஜினுக்குக் கீழே நிற்பது அவள் உயரத்தால் தெரிந்தது. பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். இட்லிக்கார அக்கா நாங்கள் ஓடி வருவதைப் பார்த்துவிட்டு, அணைகிற சூடத்தின் மேல் இன்னொரு கட்டியை வைத்தாள். வண்டியில் இல்லாதவளுக்காக வண்டியை நிறுத்தி வைத்து என்ன பயன்? அவளுக்குச் செய்யத் தெரிந்தது அதுதான். டிரைவர் அம்மா இல்லாததைப் பார்த்து, "அந்தம்மா எங்க?" என்று கேட்டாராம். "ஒடம்பு சரியில்ல" என்று நெட்டை அக்கா சொல்லிவிட்டாளாம். பிற்பாடு தெரிந்தது.

வண்டி இன்னும் நின்றுகொண்டிருக்கும்போதே சங்கு ஊதியது.

நாங்கள் போனபோது கதவு சாத்தியிருந்தது. வாசல் காவல்காரர் அம்மாவைப் பார்த்து, "நீயா? நீ லேட்டா வரமாட்டியே" என்றார். உள்ளே போய் மேஸ்திரியை அழைத்துவந்தார். மேஸ்திரி அம்மாவையும் இடுப்பில் இருந்த என்னையும் பார்த்தார். காரணம் கேட்டார்.  அம்மா என்னவென்று சொல்வாள்? சூடத்தைச் சொன்னால் உள்ளே இருக்கும் எல்லாப் பெண்களுக்கும் கேடு. நைனாவைச் சொல்ல வாய் வரவில்லை.

"நடந்து வந்தேன்" என்றாள்.

மேஸ்திரி கையை நீட்டினார். அம்மா இடுப்பு மடிப்பிலிருந்து பித்தளை வில்லையை எடுத்துக் கொடுத்தாள். வியர்வையில் அது நனைந்திருந்தது. அவர் அதைத் தன் சட்டையில் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

இட்லிக்கார அக்கா எங்களை மரத்தடியில் உட்காரவைத்து எனக்கு இரண்டு இட்லி வைத்தாள். அம்மாவுக்கு வைத்ததை அம்மா என் தட்டில் போட்டாள்.  வெயில் ஏறுகிறவரை அங்கேயே இருந்தோம். அம்மா விரல் துணிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கல்லுக்குப் பக்கத்தில் போட்டாள். கீறல்கள் வெளுத்து ஊறியிருந்தன.

பகல் வண்டியில் வீட்டுக்கு வந்தபோது நைனா எங்கள் காலடிச் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்.

"இன்னா, சீக்கிரம் வந்துட்ட?"

"பேர் அடிச்சிட்டான்."

"ஜட்கா?"

"ஏறல."

 அவர் விசிறியைக் கீழே வைத்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஜட்காக்காரர் கணக்கும் தப்பு, நைனாவின் கணக்கும் தப்பு, ஒரு வகையில் அம்மாவின் கணக்கும் தப்புதான். யார் மேலும் கோபப்பட எனக்கு இப்போது தெம்பில்லை. மூன்று பேரும் போய்விட்டார்கள். கேட்டருகே சூடம் ஏற்றுவது மழை ஆரம்பிக்கும் வரை நடந்தது என்றும், மற்றப் பெண்கள் எல்லோரும் நிரந்தரமானார்கள் என்றும் நெட்டை அக்கா ஒருமுறை கடைத்தெருவில் அம்மாவைப் பார்த்தபோது சொன்னாள். அம்மா, "நல்லது" என்றாள்.

பேர் அடித்த மறுநாளே அம்மா காசிமேட்டுக் கரைக்கு மீன் கூடை தூக்கப் போனாள். விடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டதால் நான் பார்க்கவில்லை.